வீட்டிலேயே வாட்டர்ஜெட் கட்டர்: எந்த பம்ப், எங்கே வாங்குவது?

#1 கணபதி பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு மில்லிங், நானே கட்டிய ஒரு சிஎன்சி ரவுட்டர், அவ்வளவுதான் சொத்து. மச்சான் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். பூஜை அறைத் தரையில் கோலம் பதித்துத் தரச் சொல்லி அவரிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்டிக்கர் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், வெள்ளை டைலுக்குள் சிவப்பு டைலையே கோலமாக வெட்டிப் பதிக்க வேண்டும் என்கிறார்கள். கிரைண்டரில் நேர்கோடு வெட்டலாம். சிக்குக் கோலத்தின் வளைவை எப்படி வெட்டுவது?

வாட்டர்ஜெட், அதாவது உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி வெட்டும் மெஷின், இருந்தால் முடியும் என்று தெரியும். ஜாப் ஒர்க் செய்யும் இரண்டு இடங்களில் கேட்டேன். ஒன்றிரண்டு டைலுக்காக மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்ற முடியாது என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். சரி, டேபிளும் மோட்டாரும் கன்ட்ரோலரும் ரவுட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், நாமே ஒன்று கட்டிவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

பம்பில்தான் நிற்கிறேன். வாட்டர் வாஷ் பம்ப் விற்கும் கடையில் 200 பார் (அழுத்தத்தின் அளவு) என்கிறார்கள். ஃபேக்டரி மெஷின்களின் கேட்டலாகில் 4000 பார் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 1000, 1500 பாரில் செகண்ட் ஹேண்டாக ஏதாவது கிடைக்குமா? உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து பார்த்துவிட்டேன். சென்னை லிங்கி செட்டித் தெருவில் தேடினால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கையில் இருப்பது ஒரு லட்சத்துக்குள்.

#2 திருச்சி டிப்ளமோ

அண்ணா, டீசல் காரின் காமன் ரெயில் பம்ப் (இன்ஜினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளுவது) யோசித்தீர்களா? 1600 பார் வரை கொடுக்கும். வண்டி உடைக்கும் இடங்களில் மலிவாகவே கிடைக்கும். நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். ப்ராஜெக்டுக்கு இதைத்தான் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

#3 பம்ப் மெக்கானிக்

தம்பி, அதைச் செய்யாதே. இந்த யோசனையோடு என்னிடம் வந்தவர்களில் நீ முதல் ஆள் இல்லை. காமன் ரெயில் பம்புக்குள் தனியாக எண்ணெய் கிடையாது. ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. பிளஞ்சருக்கும் (முன்னும் பின்னும் ஓடித் தள்ளும் தண்டு) அது ஓடும் துளைக்கும் இடையில் சில மைக்ரான்தான் இடைவெளி. அங்கே தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும், கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் தப்பித்தாலும் ஒரு ராத்திரி சும்மா நின்றால் துரு ஏறிவிடும். தண்ணீருக்குப் பதில் டீசலையே பீய்ச்சலாமே என்று கேட்டுவிடாதே. ஊசி போலச் சிதறும் டீசல் புகைக்கு ஒரு பொறி போதும்.

கணபதிக்காரருக்கு: நீங்கள் பாரை மட்டும் பார்க்கிறீர்கள். 27 வருடமாக பம்ப் சர்வீஸ் செய்கிறேன், என்னிடம் வருகிற எல்லோருமே முதலில் பாரைத்தான் கேட்கிறார்கள். லிட்டரையும் சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டரோ அதை பாரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குள் போகும் கிலோவாட் வந்துவிடும். வாட்டர் வாஷ் பம்ப் 15 லிட்டர், 200 பார் என்றால் 5 கிலோவாட். அதனால்தான் அதற்கு ஏழரை எச்பி மோட்டார் போடுகிறார்கள். 1500 பார் வேண்டும், 3 லிட்டர் வேண்டும் என்றால் அதுவே ஏழரை கிலோவாட். பத்து எச்பிக்கு மேல் மோட்டார், த்ரீ ஃபேஸ் லைன், அந்த அழுத்தத்துக்கான பைப், வால்வு, சீல் எல்லாம் வேண்டும். பம்பையே உங்களுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் மீதிச் செலவிலேயே உங்கள் ஒரு லட்சம் முடிந்துவிடும்.

நீங்கள் வெட்டப்போவது டைல். அதை விட்டு விலகாமல் யோசியுங்கள்.

#4 அம்பத்தூர் ஆபரேட்டர்

நான் வாட்டர்ஜெட் ஓட்டுபவன். 9 வருடம் ஆகிறது. எங்கள் மெஷின் 50 எச்பி, இன்டென்சிஃபையர் வகை. ஒரு பக்கம் பெரிய பிஸ்டனில் ஹைட்ராலிக் எண்ணெய் 190 பாரில் தள்ளும், மறுபக்கம் இருபதில் ஒரு பங்கு பரப்புள்ள சின்ன பிளஞ்சர் தண்ணீரை 3800 பாருக்கு நெருக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் தண்ணீரே பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிடும். தண்ணீர் சுருங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். சுருங்கினால் ஸ்பிரிங் மாதிரிதான். எங்கள் பம்பில் அழுத்தத் துடிப்பைச் சமன் செய்ய ஒரு தடித்த உருளை இருக்கிறது. ஒரு லிட்டர் உருளையில் 4000 பார் தண்ணீர் அடைபட்டிருந்தால் அதில் உள்ள சக்தி, நூறு கிலோ எடையை ஆறு மாடி உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதை யாரும் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்ய வேண்டாம்.

பைப்பும் சாதாரண பைப் இல்லை. வெளிவிட்டம் 9.5 எம்எம் என்றால் துளை 3 எம்எம்தான், மீதி எல்லாம் சுவர். முனையைக் கூம்பாகச் சீவி, காலர் போட்டு, கிளாண்டு வைத்து இறுக்குவோம். ஒவ்வொரு இணைப்பிலும் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். கூம்பு சரியாக உட்காராவிட்டால் அங்கே சொட்டும், நாங்கள் பார்த்துவிடுவோம். அந்தச் சொட்டில் கை வைக்க மாட்டோம். நிறுத்தி, அழுத்தம் இறக்கி, அப்புறம்தான் ஸ்பேனர் எடுப்போம்.

பழைய இன்டென்சிஃபையர் யாராவது விற்கிறார்கள் என்றால், விற்கும் காரணத்தை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் உருளை உள்ளே விரிசல் விட்டிருக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி களைத்த இரும்பு அது, கண்ணுக்குத் தெரியாது.

#5 கணபதி பட்டறை

ரொம்ப நன்றி அண்ணா. 4000 பாரை மறந்துவிட்டேன். ஆனால் 200 பாரில் டைல் வெட்டுமா? அதைத்தான் நம்ப முடியவில்லை. வாட்டர் வாஷில் காருக்கு அடிக்கிறோம், பெயின்ட் கூடப் போவதில்லையே.

#6 திருச்சி டிப்ளமோ

இதைப் படித்திருக்கிறேன், சொல்கிறேன். வெறும் தண்ணீர் வெட்டாது. தண்ணீரோடு போகும் கார்னெட் மணல்தான் வெட்டும். 1950-களில் நார்மன் ஃபிரான்ஸ் என்ற அமெரிக்கர் மரம் அறுக்க உயர் அழுத்தத் தண்ணீரை முயன்றார். அதன் பிறகும் பல வருடம் அட்டை, ஸ்பான்ஜ் மாதிரி மெதுவானவற்றோடு நின்றுவிட்டது. 1979-இல் ஃப்ளோ நிறுவனத்தில் மொகமது ஹாஷிஷ் தண்ணீரோடு மணலைச் சேர்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கிய பிறகுதான் இரும்பும் கல்லும் வெட்ட வழி பிறந்தது.

குறைந்த அழுத்தத்திலும் முடியும் என்பதற்கு வேசர் மெஷின் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களின் ப்ராஜெக்டாகப் பிறந்து, 2016-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வந்தது. மேஜை மேல் வைக்கும் அளவு. அதன் பம்ப் 4500 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 310 பார்தான். டைல், கண்ணாடி, மெல்லிய இரும்பு எல்லாம் வெட்டுகிறது. மெதுவாக.

வேகக் கணக்கு இது: 200 பாரில் தண்ணீர் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். 4000 பாரில் கிட்டத்தட்ட 900 மீட்டர். அழுத்தம் இருபது மடங்கு கூடினாலும் வேகம் நாலரை மடங்குதான் கூடுகிறது. வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும்.

#7 பம்ப் மெக்கானிக்

டிப்ளமோ தம்பி சொன்னது சரி. இனி பம்புக்கு வருகிறேன். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்.

வாட்டர் வாஷ் பம்பை அப்படியே வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? உங்கள் ஆரிஃபிஸ், அதாவது தண்ணீர் பீய்ச்சி வெளியேறும் நுண்துளை, 0.4 எம்எம் என்று வைத்துக்கொள்வோம். 200 பாரில் அதன் வழியே நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் போகும். பம்ப் தள்ளுவதோ 15 லிட்டர். மீதி 14 லிட்டர் எங்கே போகும்? அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்ப பம்பின் வாய்க்கே வரும். 200 பாரிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் தண்ணீர் ஒரு சுற்றுக்கு கிட்டத்தட்ட 5 டிகிரி சூடாகும். அதே தண்ணீர் நிமிடத்துக்குப் பல தடவை சுற்றினால் பத்து நிமிடம்கூட வேண்டாம், பம்ப் தலையில் கை வைக்க முடியாது. சீல் வெந்துபோகும். 'புது பம்ப், ஒரே நாளில் ஒழுகுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பிரித்துப் பார்த்தால் சீல் உதடு கருகிப் பளபளவென்று இருக்கும். தண்ணீரே வெந்நீராகிச் செய்த வேலை அது. பம்பில் குறையே இருக்காது.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இப்படித் திரும்பும் பைபாஸ் தண்ணீரைப் பம்பின் வாய்க்குக் கொடுக்காமல் 500 லிட்டர் தொட்டிக்குக் கொண்டுபோய் விடுங்கள். இரண்டு, பம்பை மெதுவாக ஓட்டுங்கள். மூன்று பிளஞ்சர் பம்புக்கு ஒரு நல்ல குணம், வேகத்தைக் குறைத்தால் லிட்டர்தான் குறையும், அழுத்தம் குறையாது. மோட்டாரில் 4 இன்ச் புல்லி, பம்பில் 14 இன்ச் புல்லி போட்டால் 1440 சுற்று 410 ஆகிவிடும். 15 லிட்டர் நாலே கால் லிட்டராகிவிடும். 200 பாரில் அதற்கு 3 எச்பி மோட்டாரே தாராளம். சிங்கிள் ஃபேஸ் லைனிலேயே ஓட்டலாம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டும் வேகம் குறைக்கலாம், ஆனால் மோட்டார் ஃபேனும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடேறும். நம்ம ஊரில் புல்லிக்கா பஞ்சம்? பெல்ட்டே போடுங்கள். பம்பின் கேட்டலாகில் குறைந்தபட்ச சுற்று எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் உள்ளே எண்ணெய் சிதறி ஏறாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் வாட்டர் வாஷ் சென்டர் மூடுபவர்களிடம் கேளுங்கள். வாங்கும்போது எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், தொடாதீர்கள். தலையைக் கழற்ற விட்டார்கள் என்றால் செராமிக் பிளஞ்சர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் கீறல் தட்டக் கூடாது. தட்டினால் புது சீல் போட்டும் பயன் இல்லை.

#8 அம்பத்தூர் ஆபரேட்டர்

அண்ணன் பம்ப் பக்கம் சொல்லிவிட்டார், நான் நாசில் பக்கம் சொல்கிறேன்.

ஆரிஃபிஸ் என்பது நடுவில் துளையிட்ட சின்ன சஃபையர் அல்லது ரூபி கல். வாட்டர்ஜெட் ஸ்பேர் விற்பவர்களிடம் 0.1-இலிருந்து 0.4 எம்எம் தாண்டியும் அளவு அளவாகக் கிடைக்கும். வைரத்திலும் உண்டு, உங்களுக்குத் தேவை இல்லை. அதற்குக் கீழே மணல் கலக்கும் அறை, அதற்கும் கீழே கார்பைடு குழாய். குழாயின் துளை ஆரிஃபிஸைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நாங்கள் 0.35-க்கு 1 எம்எம் குழாய் போடுகிறோம். அது தேய்ந்து 1.3 ஆனதும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். ஏதாவது ஜாப் ஒர்க் கடையில் மரியாதையாகக் கேளுங்கள், பழைய குழாய் இரண்டு கொடுப்பார்கள். 0.4 ஆரிஃபிஸுக்கு 1.2 அளவில் தேய்ந்த குழாய் உங்களுக்குப் பொருந்தும்.

உங்களை அழவைக்கப் போவது மணல்தான். எங்கள் அழுத்தத்தில் ஜெட் தானாகவே மணலை உறிஞ்சி இழுக்கும். 200 பாரில் உறிஞ்சும் பலம் குறைவு. குழாய் கொஞ்சம் அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி மணல் ட்யூபுக்குள் ஏறும், ஈரமான கார்னெட் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் மணல் ட்யூப் கண்ணாடி மாதிரி தெரியும் ட்யூபாக இருக்கட்டும். தண்ணீரை முதலில் திறந்து அப்புறம் மணல். நிறுத்தும்போது முதலில் மணல், பத்து நொடி கழித்துத் தண்ணீர். இந்த வரிசை ஒரு தடவை தவறினாலும் அரை மணி நேரம் குத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆற்று மணலைச் சலித்துப் போடலாமா என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அதில் இருப்பது சிலிக்கா. காய்ந்த பிறகு அந்தத் தூசி நுரையீரலில் தங்கும், பிறகு அது போகாது. கார்னெட் நம்ம கடற்கரைக் கல்தான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் நிறுவனம் எடுக்கிறது. சாண்ட் பிளாஸ்டிங் பொருள் விற்பவர்களிடம் 80 மெஷ் (சல்லடைக் கண் அளவு) மூட்டையாகக் கிடைக்கும். பில்லோடு வாங்குங்கள். 2013-இல் தமிழக அரசு தனியார் தாது மணல் எடுப்பதைத் தடை செய்த பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டைகளும் சுற்றுகின்றன. அதில் கடல் உப்பும் கழுவப்படாமல் இருக்கும், உங்கள் டேபிள் துருப்பிடிக்கும்.

#9 திருச்சி டிப்ளமோ

ஒரு சந்தேகம். மணலை நாசிலில் கலப்பதற்குப் பதில் முன்பே தண்ணீரோடு கலந்து அனுப்பினால் குறைந்த அழுத்தத்தில் நன்றாக வெட்டும் என்று படித்தேன். 1980-களில் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் டயாஜெட் என்று செய்திருக்கிறார்கள்.

#10 பம்ப் மெக்கானிக்

உண்மைதான் தம்பி, அது நன்றாகவே வெட்டும். மணல் மெதுவாக இழுபடாமல் தண்ணீரோடு சேர்ந்தே வேகம் எடுக்கிறது. ஆனால் மணலை வைக்க 200 பார் தாங்கும் கலன் வேண்டும். பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் பிளேட் வெல்டிங் வைத்தால் கலன் ஆகிவிடாது. ரேட்டிங் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர் ட்யூப், டெஸ்ட் செய்த மூடி என்று போனால்தான் சரி. கூடவே மணல் ஓடும் வழியில் இருக்கும் வால்வு எல்லாம் தேயும். காலேஜில் சார் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். கணபதிக்காரர் முதலில் சாதாரண வழியில் ஓட்டிப் பார்க்கட்டும்.

#11 தியேட்டர் சிஸ்டர்

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். மெஷின் பற்றி எனக்குத் தெரியாது. மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். என் தம்பியும் பட்டறை வைத்திருப்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சில வருடம் முன்பு ஒரு பையன் வந்தான், 24 வயது. உயர் அழுத்த பெயின்ட் ஸ்ப்ரே அடைத்துக்கொண்டது என்று முனையை இடது கை ஆள்காட்டி விரலால் துடைத்திருக்கிறான். விரல் நுனியில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. வலி குறைவாக இருந்ததால் கிளினிக்கில் டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் எங்களிடம் வரும்போது உள்ளங்கை வரை வீங்கி விரல் சாம்பல் நிறமாக இருந்தது. விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தக் காயம் வெளியே புள்ளிதான், உள்ளே தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை போய்விடும். தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம், மணலும் தொட்டி அழுக்கும் சேர்ந்துதான் போகும். பட்டால் அந்த நிமிடமே கை அறுவை சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டது எத்தனை பார், தண்ணீரா, எண்ணெயா, மணலா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். புள்ளியைப் பார்த்துவிட்டு யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

#12 அம்பத்தூர் ஆபரேட்டர்

சிஸ்டர் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் பர்ஸில் ஒரு கார்டு வைத்திருக்கிறோம். 'இவர் உயர் அழுத்த ஜெட்டில் வேலை செய்பவர், புள்ளி போல் காயம் இருந்தால் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்தது. நீங்களும் ஒன்று செய்துகொள்ளுங்கள். 200 பார் என்பதால் விலக்கு கிடையாது, தோல் கிழிய அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

#13 கணபதி பட்டறை

சிஸ்டர், நன்றி. உங்கள் பதிவை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பையன்கள் இருவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன்.

பம்ப் வாங்கிவிட்டேன். பொள்ளாச்சி ரோட்டில் வாட்டர் வாஷ் மூடிய ஒருவரிடம் 15 லிட்டர், 200 பார் பம்ப். எண்ணெய் தேன் மாதிரி இருந்தது, பிளஞ்சரில் கீறல் இல்லை. 3 எச்பி மோட்டார் என்னிடமே இருந்தது. புல்லி நானே கடைந்தேன்.

#14 கணபதி பட்டறை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். முதலில் கெட்டது.

ஹோஸ் வெடித்தது. 200 பாருக்கு ஹோஸ் வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டு வாங்கினேன். மூன்றாவது நாள், ஃபிட்டிங் பிடித்த இடத்துக்கு ஒரு ஜாண் தள்ளி உப்பி, பட்டென்று கிழிந்தது. சத்தம் பக்கத்து சந்து வரை கேட்டதாம். ஹோஸ் மேல் பழைய கேன்வாஸ் உறை போட்டு, இரண்டு முனையையும் கம்பிக் கயிற்றால் கட்டி வைத்திருந்ததால் யார் மேலும் படவில்லை. பிறகு ஹோஸைத் திருப்பிப் பார்த்தால் மேலே எந்த எழுத்தும் இல்லை. உறையைக் கிழித்துப் பார்த்தால் ஒரே அடுக்கு கம்பி. இப்போது இரண்டு கம்பி அடுக்கு, கால் இன்ச், 400 பார் என்று ஹோஸ் மேலேயே அச்சடித்தது போட்டிருக்கிறேன். வாங்குபவர்கள் கடைக்காரர் வாயைக் கேட்காமல் ஹோஸ் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

இரண்டாவது, டெஃப்லான் டேப். பழக்கத்தில் எல்லாத் திரெட்டிலும் டேப் சுற்றிவிட்டேன். ஜெட் நேராக வராமல் விசிறி மாதிரி விரிந்தது. ஆரிஃபிஸைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளையின் விளிம்பில் மயிரிழை போல் ஒரு வெள்ளை நூல். டேப்பின் துணுக்கு. நாலு தடவை இப்படி ஆனது. எல்லாவற்றையும் பிரித்து, டேப்பைச் சுரண்டி எடுத்து, ரப்பர் ஒட்டிய வாஷர் போடும் ஃபிட்டிங்காக மாற்றினேன். அதற்குப் பிறகு அடைப்பே இல்லை.

மூன்றாவது, தண்ணீர். முதல் வாரம் போர் தண்ணீர்தான். ஆரிஃபிஸ் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்து ஜெட் ஒரு பக்கம் சாய்ந்தது. இப்போது சிறுவாணித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து 1 மைக்ரான் ஃபில்டர் வழியாகக் கொடுக்கிறேன். பைபாஸ் தொட்டிக்குப் போவதால் ஒரு மணி நேரத்துக்கு 2 டிகிரிதான் ஏறுகிறது. அண்ணா, உங்கள் புல்லிக் கணக்கு அப்படியே வந்துவிட்டது.

இனி நல்லது. டைல் வெட்டுகிறது!

7 எம்எம் சுவர் டைலில் நிமிடத்துக்கு 10 எம்எம் வேகம் வைத்தால் ஓரம் சுத்தமாக வருகிறது. 15 வைத்தாலும் வெட்டும், ஆனால் அடிப்பக்கம் அலை அலையாக இருக்கும். மச்சான் முதல் துண்டைக் கையில் எடுத்து, வளைவில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் போய் இன்னும் இரண்டு பெட்டி டைல் வாங்கி வந்துவிட்டார்.

#15 பம்ப் மெக்கானிக்

மனசு நிறைந்தது தம்பி. அந்த ஹோஸுக்கு உறை போட்ட கைக்கு ஒரு கும்பிடு. முதல் 50 மணி நேரத்தில் பம்ப் எண்ணெயை மாற்றிவிடுங்கள். நாசில் ஆன்-ஆஃப் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

#16 கணபதி பட்டறை

கால் பெடல் அண்ணா. மிதித்திருந்தால் மட்டும்தான் ஓடும், காலை எடுத்தால் அழுத்தம் தொட்டிக்கு இறங்கிவிடும். மெஷின் ஓடும்போது கை டேபிள் பக்கம் போகவே கூடாது என்று சுற்றிலும் 6 எம்எம் பாலிகார்பனேட் ஷீட் வைத்திருக்கிறேன். நீண்ட வெட்டுக்கு மூன்று மணி நேரம் பெடல் மிதிக்க முடியாது என்பதால் ஷீட் கதவில் ஒரு ஸ்விட்ச் வைத்து, கதவு மூடியிருந்தால் பெடல் இல்லாமலும் ஓடும்படி செய்தேன். கதவைத் திறந்தால் நின்றுவிடும்.

#17 அம்பத்தூர் ஆபரேட்டர்

டைல் நடுவில் வெட்டு தொடங்கும்போது விரிசல் வரவில்லையா? எங்களுக்கே வரும்.

#18 கணபதி பட்டறை

வந்தது. முதல் ஆறு டைலும் போனது. ஜெட் குத்தும் இடத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிசல். இப்போது நடுவில் குத்துவதே இல்லை. கோலக் கோடு 8 எம்எம் அகலம், அந்த இடம் எப்படியும் விழப்போகும் துண்டு. அதற்குள் 6 எம்எம் டைமண்ட் பிட்டால் தண்ணீர் விட்டு ஒரு துளை போட்டு, அங்கிருந்து ஜெட்டைத் தொடங்குகிறேன். அடியில் ஒரு பழைய டைலையும் வைக்கிறேன், கீழ் ஓரம் பொரியாமல் வருகிறது.

இன்னொன்று கண்டுபிடித்தேன், இதை எழுதத்தான் ஆவலாக வந்தேன். ஜெட் வெட்டும் இடுக்கு மேலே அகலம், கீழே குறுகல். அதனால் வெள்ளை டைலில் விழும் பள்ளம் மேலே அகன்று இருக்கும். சிவப்பு டைலையும் அதே மாதிரி வெட்டினால் துண்டின் மேல்பக்கம் சிறுத்து, அடிப்பக்கம் பெருத்து, பதித்தால் சுற்றிலும் ஒன்றரை எம்எம் இடைவெளி தெரிந்தது. ஒரு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தபோது பிடிபட்டது. டிசைனைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, சிவப்பு டைலை முகம் கீழே பார்க்கும்படி போட்டு வெட்டினேன். வெட்டிய பிறகு புரட்டினால் முகம் பெருத்து, அடி சிறுத்து வருகிறது. பாட்டிலுக்கு கார்க் போடுவது மாதிரி மேலிருந்து அழுத்த உட்கார்ந்துகொள்கிறது. இடைவெளி அரை எம்எம்கூட இல்லை. கிரௌட் (இடுக்கை நிரப்பும் பூச்சு) ஒரு கோடு போட்டால் போதும்.

#19 திருச்சி டிப்ளமோ

அண்ணா, இது அருமை! ஒரு கோலத்துக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மணல் ஆகிறது? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் உங்கள் அனுபவத்தையும் எழுதிக்கொள்ளலாமா?

#20 கணபதி பட்டறை

தாராளமாக எழுது தம்பி. ஹோஸ் வெடித்ததையும் சேர்த்து எழுது.

ஐந்து புள்ளி சிக்குக் கோலத்தின் சின்ன அளவு ஒன்றில் வெள்ளைப் பக்கம் மட்டும் வெட்டு நீளம் 1.6 மீட்டர் வருகிறது. 160 நிமிடம். மணல் நிமிடத்துக்கு 150 கிராம், ஆக 24 கிலோ. ஒரு மூட்டை கிட்டத்தட்ட காலி. சிவப்புப் பக்கத்துக்கும் அதே அளவு. முதலில் இந்தக் கணக்கைப் பார்த்து வயிறு கலங்கியது. ஆனால் நம் அழுத்தத்தில் கார்னெட் அவ்வளவாக நொறுங்குவதில்லை. தொட்டி அடியில் தேங்கியதை அள்ளி, கழுவி, மொட்டை மாடியில் தார்ப்பாயில் வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்தால் பாதிக்கு மேல் திரும்ப ஓடுகிறது. காய்ந்ததைச் சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம், டைல் தூளில் சிலிக்கா உண்டு. அம்பத்தூர் அண்ணன் சொன்னது அதற்கும் பொருந்தும்.

ஜாப் ஒர்க் மெஷின் இதைச் சில நிமிடத்தில் முடித்துவிடும் என்று தெரியும். அவசர வேலை என்றால் நானே அங்கு கொடுத்துவிடுவேன். இது ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டிவிட்டு, நானும் ஒரு பையனும் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த டைலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஆள் இல்லாமல் ஓட்டுவதில்லை.

#21 அம்பத்தூர் ஆபரேட்டர்

பழைய கார்பைடு குழாய் இன்னும் நாலு எடுத்து வைத்திருக்கிறேன், முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கோவை வருகிறேன், கொண்டு வந்து தருகிறேன். ஒரே ஒரு கேள்வி, மணல் ட்யூப் ஈரமாவது நின்றுவிட்டதா?

#22 கணபதி பட்டறை

நின்றுவிட்டது அண்ணா. மணல் டப்பாவை நாசிலுக்கு ஒன்றரை அடி மேலே தூக்கி, ட்யூபில் எங்கும் தொய்வு இல்லாமல் செங்குத்தாக இறக்கினேன். கலக்கும் அறைக்கு மேலே ஒரு சின்ன டி ஃபிட்டிங் போட்டுக் காற்று உள்ளே போக வழி வைத்தேன். அதற்கு முன் நாளைக்கு நாலு தடவை அடைத்தது, இப்போது வாரத்துக்கு ஒரு தடவை. வாருங்கள், மச்சான் வீட்டுப் பூஜை அறையில்தான் முதல் கோலம் பதித்திருக்கிறோம், நேரிலேயே பார்க்கலாம்.